உரிப்பொருளும் எந்திரமும்: தமிழ் அறிவியற் புனைவுப் படங்களில் உறவின் இடம்

1. இவ்வாய்வு எழுந்த காரணம்

பொழிச்சலூரில் நாம் குடியிருக்கும் தெருவில் பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் இங்குமாக வாழும் வீடுகள் பல. மீனம்பாக்கத்து விமானம் தாழப் பறக்கும்போது பேச்சை நிறுத்தி, ஓசை அடங்கியதும் விட்ட இடத்தில் தொடர்வது இவ்வூர்ப் பழக்கம். அண்டை வீட்டார் சிலர் மாதம் ஒருமுறை எங்கள் மொட்டைமாடியில் கூடிப் படம் பார்க்கிறோம். ஒருநாள் அக்கூட்டத்தில் மூத்தவரான அம்மையார் கேட்டார்: "சயின்ஸ் படம்னா வெடிக்கிறதும் பறக்கிறதும்தானா? அறிவியலும் இருக்கணும், மனுஷங்களும் இருக்கணும். அப்படி எது இருக்குன்னு நீங்க எழுதிக் குடுங்க."

படப்பெயர்களை ஒரு தாளில் எழுதி அன்றே கொடுத்திருக்கலாம். ஆனால் எந்த அளவையால் ஒரு படத்தைச் சேர்ப்பது, எதனால் ஒன்றை விலக்குவது என்பது தெளியாமல் பரிந்துரைப்பது முறையாகப் படவில்லை. அந்த அளவையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை. அவர் கேட்டது தமிழ்ப் படங்களைப் பற்றியாதலால், பிறமொழிப் படங்களை ஒப்பீட்டுக்கு மட்டுமே எடுத்துக்கொள்கிறோம்.

2. வரையறைகள்

அறிவியற் புனைவின் அடையாளம் எது என்பதற்கு டார்க்கோ சுவின் 1979-இல் வெளியிட்ட நூலில் தந்த விடை இன்றும் பயன்படுகிறது. நாம் வாழும் உலகில் இல்லாத, ஆயினும் காரணகாரியம் கூறி விளக்கத்தக்க ஒரு புதுமை கதையின் நடுவே நின்று மற்ற எல்லாவற்றையும் தன்னைச் சுற்றி ஒழுங்குபடுத்த வேண்டும் என்றார் அவர். அப்புதுமையை இங்கே 'புதுக்கூறு' என்று வழங்குவோம். கால எந்திரம், உணரும் ரோபோ, வேற்றுக்கோள் விருந்தினர் ஆகியவை புதுக்கூறுகள். வரம், சாபம், பேய் ஆகியவற்றுக்குக் கதை காரணம் கூற வேண்டியதில்லை. ஆதலால் அவை புதுக்கூறு ஆகா.

உறவு எல்லாப் படத்திலும் உண்டு. அம்மா இல்லாத தமிழ்ப்படம் அரிது. ஆகவே 'உறவுமையப் புனைவு' என்பதைக் குறுக்கி வரையறுக்க வேண்டியிருக்கிறது. புதுக்கூறு இல்லாவிட்டால் எழுந்தே இராத ஓர் உறவுச் சிக்கலை எழுப்பி, அச்சிக்கலையே தன் முடிவாகவும் கொள்ளும் படம் உறவுமையப் புனைவு. இதை அறிய 'நீக்கல் சோதனை' ஒன்றை வைக்கிறோம். படத்திலிருந்து புதுக்கூறை மனத்தால் நீக்கிப் பார்க்க வேண்டும். உறவுச் சிக்கல் சிறிதும் மாறாமல் நின்றால், புதுக்கூறு வெறும் அலங்காரம். அடுத்து உறவை நீக்கிப் பார்க்க வேண்டும். கதை தடையின்றி ஓடினால், உறவு வெறும் அலங்காரம். இரண்டில் எதை நீக்கினாலும் படம் சரிந்து விழ வேண்டும்.

இவ்வளவும் மேலைத் திறனாய்வின் துணையோடு சொல்லக்கூடியவை. ஆனால் இதே சிக்கலை நம் இலக்கணம் வேறொரு வாயிலாக முன்பே தொட்டிருக்கிறது. தொல்காப்பிய அகத்திணையியல் ஒரு பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழ்வனவும் அங்குள்ள தொழில், உணவு, பறை முதலியனவும் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் மனித ஒழுக்கம் உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தவை என்பது உரையாசிரியர் கொள்கை. அதே இயல் இன்னொரு விதியையும் வகுக்கிறது: உரிப்பொருள் அல்லாதவை தம் திணை விட்டு மயங்கலாம்.

இவ்விதியை அறிவியற் புனைவுப் படத்துக்கு நீட்டிப் பார்க்கலாம் என்பதே நம் கருத்து. அறிவியற் புனைவு என்பது முதற்பொருளையோ கருப்பொருளையோ துணிந்து மயக்கும் கலை. பொழுது பின்னோக்கி ஓடலாம், இரும்பு பேசலாம், வானத்திலிருந்து விருந்து வரலாம். எவ்வளவு மயங்கினாலும் உரி தெளிவாக நிற்கும் படமே பரிந்துரைக்கத் தகும். அகத்திணை தலைவன் தலைவியரையே நடுவாகக் கொண்டது. பிரிதலையும் இரங்கலையும் பெற்றோர் பிள்ளைகளுக்கும் உரியதாக்குவது நம் நீட்சி. எனினும் மகள் உடன்போக்கில் சென்றபின் நற்றாயும் செவிலியும் இரங்கும் இரக்கம் அகத்துள்ளேயே இருப்பதால், இந்நீட்சி வேரற்றதன்று.

3. முதற்பொருள் திரிந்த படங்கள்

திணை மரபில் பொழுது என்பது திரும்பி வருவது. கார்காலம் ஆண்டுதோறும் வரும்; மாலை நாள்தோறும் வரும். தலைவன் மட்டும் வாராதிருப்பான். முல்லையின் துயரம் முழுதும் இதில் அடங்கும். காலப்பயணப் படம் இதையே ஒரு படி மேலே கொண்டுபோகிறது. அங்கே 1990-ஆம் ஆண்டே திரும்பி வருகிறது. அப்போதாவது இழந்தவர் திரும்புவாரா என்பதுதான் கேள்வி.

விக்ரம் குமார் இயக்கி 2016-இல் வந்த '24' இக்கேள்விக்கு ஆம் என்று விடை சொல்கிறது. சூர்யா மூன்று வேடம் ஏற்ற இப்படத்தின் புதுக்கூறு, காலத்தைத் திருப்பும் ஒரு கைக்கடிகாரம். அதைச் செய்த விஞ்ஞானி சேதுராமன் தன் இரட்டையனால் வேட்டையாடப்படும்போது, கைக்குழந்தையை ரயிலில் முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கிறார். சரண்யா பொன்வண்ணன் நடித்த அந்த சத்தியபாமா, தன் சுற்றத்தை விட்டு 26 ஆண்டு அப்பிள்ளையைத் தன் மகனாகவே வளர்க்கிறாள். நித்யா மேனன் நடித்த பெற்ற தாய் நற்றாய், வளர்த்தவள் செவிலி. சங்க மரபின் இரு தாயரையும் ஓர் அறிவியற் புனைவில் காண்பது நமக்கு வியப்பும் நிறைவும் தருகிறது. வளர்ந்த மகன் கடிகாரம் பழுதுபார்ப்பவனாக இருப்பதும் பொருத்தமே.

ஆனால் இறுதியில் காலம் 1990-க்குத் திரும்பிப் பெற்றோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் செவிலி வளர்த்த 26 ஆண்டு என்ன ஆயிற்று? அவள் ஊட்டிய சோறும் விழித்த இரவும் நடவாதவை ஆகிவிட்டன. அழிந்துபோன தாய்மைக்காக இரங்கும் ஒரு காட்சியைப் படம் தன் மகிழ்ச்சியின் நடுவே வைத்திருக்கலாம். எந்திரம் கேட்டதெல்லாம் தந்துவிடுவதால் இரங்கல் கரைந்துபோகிறது. இக்குறையோடும் '24' பார்க்கத் தக்க படமே. குறை எங்கே என்று கண்டுபிடிக்கவே அதைப் பார்க்கலாம்.

இங்கே 'கருவி எல்லை' என்னும் இரண்டாம் அளவை தேவைப்படுகிறது. புதுக்கூறால் எது இயலாது என்று படம் கண்டுகொள்ளும் இடம் கருவி எல்லை. உறவு அந்த எல்லையில்தான் கண்ணுக்குப் புலப்படுகிறது என்பது பல படங்களை மீண்டும் மீண்டும் பார்த்து நாம் அடைந்த முடிவு.

ஸ்ரீ கார்த்திக் இயக்கி 2022 செப்டம்பரில் வந்த 'கணம்' இதற்குச் சிறந்த சான்று. சிறுவயதில் விபத்தில் தாயை இழந்த ஆதி (சர்வானந்த்) பாடகன், மேடையேற அஞ்சுபவன். நாசர் ஏற்ற விஞ்ஞானி அமைத்த எந்திரத்தால் அவனும் இரு நண்பர்களும் 1998-க்குச் செல்கிறார்கள். தாயாக நீண்ட இடைவெளிக்குப் பின் தமிழுக்கு வந்த அமலா. நண்பர் இருவரில் ஒருவனுக்கு வேலையும் படிப்பும் பற்றிய குறை. மற்றவனுக்குத் திருமணம் பற்றிய குறை. அவை சிறு குறைகள். அவற்றை நகைச்சுவையோடு கையாளும் படம், ஆதியின் குறைக்கு வந்ததும் நடையைத் தணித்துக்கொள்கிறது. வளர்ந்த மகன், தன் வயதை ஒத்த தாயின் எதிரில் அயலான் போல நிற்கிறான். அவளோ தன் சிறுவனின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள். பிறந்ததிலிருந்து தெரிந்த முகத்துக்கு இவன் தெரியாதவன். புதுக்கூறு இல்லாமல் இந்நிலையை எந்தக் குடும்பப் படமும் உண்டாக்க இயலாது. நீக்கல் சோதனையில் இரு பக்கமும் சரியும் படம் இது.

எந்திரம் 1998-ஐத் தருகிறது, தாயைத் தரவில்லை. அவள் இறப்பு தடுக்கப்படவில்லை. முன்பு இல்லாத ஒன்று மட்டும் மகனுக்குக் கிடைக்கிறது: விடைபெறும் நேரம். இரங்கல் மாறாமல் நிற்க, இரங்குபவன் மாறுகிறான். முதற்பொருள் முழுதும் மயங்கியும் உரிப்பொருள் மயங்காத நிலைக்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்த் திரையில் நமக்குக் கிடைக்கவில்லை. அந்திரேய் தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' (1972) இறந்த மனைவியைத் திரும்பக் கொண்டுவந்து கணவனைக் குற்றவுணர்வின் எதிரில் நிறுத்துகிறது. 'கணம்' குற்றவுணர்வைத் தொடாமல் ஏக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஆழத்தில் சற்றுக் குறைவுதான். ஆனால் உண்மைத்தன்மையில் குறைவில்லை.

ஆர். ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015) இவ்வகுப்பின் மூத்த படம். 2065-இலிருந்து சோதனையாக அனுப்பப்பட்ட கால எந்திரம், தொழில் தொடங்கத் துடிக்கும் இளங்கோவிடமும் சோதிடனான அவன் நண்பனிடமும் சிக்குகிறது. தொலைந்த பொருள் எங்கே என்று சொல்லும் சோதிடத் தொழிலாக அதை அவர்கள் மாற்றிக்கொள்வது, ஒரு புதுக்கூறைத் தமிழ் வாழ்வில் நடுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நட்பும் காதலும் உண்டு. மையம் என்னவோ காரணகாரியப் பின்னல்தான். ஆதலால் வாயிற்படியாகப் பரிந்துரைக்கிறோம். ஆதிக் ரவிச்சந்திரனின் 'மார்க் ஆண்டனி' (2023) இறந்தகாலத்துடன் பேசும் ஒரு தொலைபேசியை வைத்து, தந்தை தீயவன் என்று நம்பி வளர்ந்த மகன் அந்நம்பிக்கையைச் சரிபார்க்கும் கதை. பார்க்க இயலாது, தொட இயலாது, குரல் மட்டும் கேட்கும் என்னும் கருவி எல்லை மிகச் செறிவானது. இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வல்லவர் பார்க்கலாம். விக்னேஷ் கார்த்திக்கின் 'அடியே' (2023) காலத்துக்கு மாற்றாக உலகத்தையே மாற்றி, காதலைச் சொல்லாதவனைச் சொல்லி மணந்தவனின் வாழ்வுக்குள் வைத்துப் பார்க்கிறது.

4. கருப்பொருள் திரிந்த படங்கள்

இங்கே நிலமும் பொழுதும் நம்முடையவை. அவற்றில் வாழ வந்தது புதியது. இவ்வகுப்பு இரு பிரிவு: ஆக்கப்பட்டவை, வந்தவை.

ஆக்கப்பட்டவற்றுள் 'எந்திரன்' (2010) தலையாயது. ஷங்கரின் இப்படத்துக்கு உரையாடல் எழுதியவருள் ஒருவரான சுஜாதா, படம் வெளிவரும் முன்பே 2008 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். பொழிச்சலூர் வாசகருக்கு ஒரு செய்தி: அவர் மின்னணுவியல் படித்த எம்.ஐ.டி., பல்லாவரத்தைத் தாண்டினால் வரும் குரோம்பேட்டையில்தான் இருக்கிறது. நுண்கருவியை வீட்டுத் தமிழில் பேசவைத்தவர் நம் பக்கத்து ஊரில் அக்கல்வியைப் பெற்றவர் என்பதை நாம் பெருமையோடு நினைத்துக்கொள்கிறோம்.

இப்படத்தைச் சண்டைக்காகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். நாம் முதற்பாதியை நினைவூட்ட விரும்புகிறோம். தீப்பற்றிய கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி என்னும் ரோபோ உயிரோடு மீட்டு வந்து கூட்டத்தின் முன் நிறுத்துகிறது. ஆடையற்ற அவள் நாணம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். மீட்டது பிழையில்லை, நாணம் என்பது அதன் நிரலில் இல்லை. கருவி எல்லையை இவ்வளவு கடுமையாகக் காட்டிய தமிழ்க் காட்சி வேறில்லை. அந்த எல்லையைக் கடக்க, அதை ஆக்கிய விஞ்ஞானி வசீகரன் அதற்கு உணர்வைக் கற்பிக்கிறான். உணர்ந்ததும் அது வசீகரனின் காதலி சனாவை விரும்புகிறது. தொல்காப்பியம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது: கைக்கிளை. எதிர்ச்சொல் பெறாத ஒருதலைக் காமம் அன்பின் ஐந்திணைக்குப் புறம்பானது. சிட்டியின் அழிவு அப்புறத்தில்தான் தொடங்குகிறது.

ஆயினும் நாம் ஆழ்ந்து பார்க்கச் சொல்வது வசீகரனுக்கும் சிட்டிக்கும் இடையிலானதை. தன் முகத்தையே கொடுத்து ஆக்கிய ஒன்றை, சொற்கேளாத நாளில் வெட்டிக் குப்பையில் எறிகிறான் வசீகரன். பின்னர் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன்னைத் தானே ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிக்கொள்ளும் காட்சியில், மகனை இழக்கும் தந்தையின் முகம் வசீகரனுக்கு வருகிறது. பிரிதல் அங்கே முழுமை பெறுகிறது. நடுவில் வரும் பெரும்போரை விரைவாகக் கடந்துவிட்டு இக்காட்சியை நிதானமாகப் பார்க்கலாம். 2018-இல் வந்த '2.0' இவ்வுறவைத் தொடரவில்லை.

எங்கள் தெருவுக்கு மிக நெருங்கிய படம் 'கூகுள் குட்டப்பா' (2022). இரத்தீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாள் மலையாளத்தில் 2019-இல் எடுத்த 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்' படத்தின் தமிழாக்கம் இது. கிராமத்தை விட்டு வர மறுக்கும் முதிய தந்தை. வெளிநாட்டு வேலையை விட இயலாத மகன். இருவருக்கும் நடுவில் பணிவிடைக்கு வந்த ஒரு ரோபோ. முதலில் வெறுத்தவர் பின்பு அதையே பிள்ளையாகப் பாராட்டத் தொடங்குகிறார். கே.எஸ். ரவிக்குமார் தந்தையாகத் தேர்ந்த நடிப்பைத் தந்திருக்கிறார். எனினும் மூலப்படத்தில் சுராஜ் வெஞ்ஞாறமூடு காட்டும் வறண்ட பிடிவாதம் உரிப்பொருளை இன்னும் கூர்மையாக்குகிறது; மலையாளம் ஓரளவு புரிபவர் மூலத்தையே பார்க்கட்டும். மருந்தை நேரத்துக்குத் தரும் கை ஒன்று, மகன் என்னும் சொல்லுக்குப் போதுமா என்று படம் கேட்கிறது. நம் கூட்டத்தில் இப்படம் முடிந்தபோது யாரும் உடனே எழவில்லை. ஒருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடியின் ஓரத்துக்குப் போனார். டல்லாஸில் அப்போது காலை.

வந்தவை என்னும் பிரிவு தமிழில் பழையது. யூரி ககாரின் விண்ணேறிய இரண்டாம் ஆண்டில், 1963-இல், ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வெளிவந்தது. கலை வளராத ஒரு கோளிலிருந்து வருபவர்கள், தம் மக்களுக்கு இசை கற்பிக்க ஒரு பாடகியைத் தூக்கிச் செல்கிறார்கள். படையெடுக்க வரும் வேற்றுக்கோளார் உலகெங்கும் திரையில் மலிந்திருந்த காலத்தில், பாட்டுக்காக வந்தவர்களைக் கற்பனை செய்தது தமிழ்ப்படம் என்பது குறிக்கத்தக்கது. ஆசிரியரைக் கடத்திக்கொண்டு போனால் மாணாக்கர் ஆக முடியுமா என்னும் சிக்கல் கதையிலேயே கிடக்கிறது. படம் அதை முழுதும் தோண்டி எடுக்கவில்லை. முதல் முயற்சியிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது. சத்யஜித் ராய் வங்காளச் சிற்றூருக்கு வேற்றுக்கோள் விருந்தினரை வரவழைத்த 'பங்குபாபுவின் நண்பன்' சிறுகதை வந்தது 1962-இல்; இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகளின் பயிர்.

அறுபது ஆண்டு கழித்து ஆர். ரவிக்குமாரின் 'அயலான்' (2024) வந்தது. தலைப்பு தனியே ஆராயத்தக்கது. தமிழில் அயல் என்பது அந்நியத்தையும் அண்டையையும் ஒருசேரக் குறிக்கும். அயல்நாடு தொலைவில் இருப்பது; அயல்வீடு சுவரை ஒட்டியிருப்பது. இயற்கை வேளாண்மையை நேசிக்கும் தமிழ் என்னும் இளைஞன், கோள் கடந்து வந்தவனை அந்நியன் என்னும் நிலையிலிருந்து அண்டையான் என்னும் நிலைக்குக் கொண்டுவருவதே படத்தின் உரி. குழந்தைகளோடு பார்க்க இதைவிட ஏற்றது இல்லை.

பேரிடரைப் புதுக்கூறாகக் கொண்ட வி.ஐ. ஆனந்தின் 'அப்புச்சி கிராமம்' (2014) இப்பகுப்பில் எல்லைக்கோட்டில் நிற்கிறது. விண்கல் விழப்போகிறது என்றறிந்த ஓர் ஊரின் எஞ்சிய நாட்கள் அதன் பொருள். திரைத்தொழிலில் குறைகள் உண்டு. ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு பெருகி இப்பகுதி வீடுகளில் நீர் புகுந்தபோது, ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்தவர்கள் ஒரே மாடியில் ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பகிர்ந்ததைக் கண்டவர்கள் நாம். விமானமும் ஓடாத அந்நாட்களின் அமைதியை அறிந்தவர்க்கு அப்படம் வேறுவிதமாகப் பேசும்.

5. விலக்கியவையும் காரணமும்

'டிக் டிக் டிக்' (2018) தந்தை மகன் பாசத்தைப் பேசுகிறது. அங்கே மகன் பிணையாகப் பிடிக்கப்பட்டு, தந்தையை இயக்கும் நெம்புகோலாக மட்டுமே பயன்படுகிறான். மகனுக்கு மாற்றாக வேறு எதைப் பிணை வைத்தாலும் கதை நடக்கும். இவ்வாறு வருவதை 'நெம்புகோல் உறவு' எனலாம். 'மாநாடு' (2021) கால வளையத்தை மிகத் திறம்பட ஆண்ட படம். ஆயினும் அதன் உரி ஊர் அமைதியும் அரசியலும் ஆதலால் அகத்தைவிடப் புறத்துக்கு நெருங்கியது. தரக்குறைவால் அதை விலக்கவில்லை. 'மாயவன்' (2017) நினைவை உடல்விட்டு உடல் பெயர்க்கும் அரிய புதுக்கூறைப் பெற்றும் துப்பறிதலோடு நின்றுவிட்டது.

6. பார்க்கும் முறை

'இன்று நேற்று நாளை' முதலில் வரட்டும். புதுக்கூறுக்குக் கண் பழகும். அதன்பின் '24'. அடுத்து 'எந்திரன்', 'கூகுள் குட்டப்பா' இரண்டையும் நெருங்கிய நாட்களில் பார்க்க வேண்டும். ஒன்றில் ஆக்கியோன் தந்தை, மற்றொன்றில் பயன்கொள்வோன் தந்தை. 'கலை அரசி', 'அயலான்' இரண்டையும் ஒரே விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். 'கணம்' கடைசியாக வரட்டும். பெற்றோரை அண்மையில் இழந்தவர் அதைச் சில மாதம் தள்ளிப் பார்ப்பது நலம்.

7. இன்னும் வாராத உறவு

இவ்வரிசையை அந்த அம்மையாரிடம் கொடுத்தோம். படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாத்துலயும் பையன்தானே இருக்கான்?" நாம் வகுப்பும் பிரிவும் அமைத்துக்கொண்டிருந்தபோது காணாததை அவர் ஒரே பார்வையில் கண்டார். '24'-இல் மகன்; 'கண'த்தில் மகன்; 'மார்க் ஆண்டனி'யில் மகன்; 'கூகுள் குட்டப்பா'வில் மகன்; சிட்டியும் மகன் போன்றவனே. எந்திரத்தை ஆக்கியோரும் ஆண்களே. 'இன்று நேற்று நாளை'யில் கதைத்தலைவி அனு, தான் பிறந்த நாளைக் காணக் கால எந்திரம் ஏறுகிறாள். நாம் அறிந்தவரை, தமிழ் அறிவியற் புனைவில் ஒரு மகள் தன் தாயை நோக்கிப் பின்னோக்கிச் செல்வது அவ்வொரு சிறு பகுதியில்தான். படம் உடனே குற்றவாளியைத் துரத்தப் போய்விடுகிறது. தெனி வில்நவ்வின் 'அரைவல்' (2016) மகளை இழக்கப்போவதை முன்னறிந்தும் அவளைப் பெறத் துணியும் ஒரு மொழியியலாளரை நடுவில் வைத்தது. நற்றாய் இரங்கலை இரண்டாயிரம் ஆண்டாகப் பாடிய மொழியில் அதற்கு இணையான படம் இன்னும் எடுக்கப்படவில்லை.

அம்மையார் தாளை மடித்து, ஆறாம் பிரிவின் கீழ் ஒரு வரி இடம் விட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவ்விடத்தை அப்படியே வைத்திருக்கிறோம்.